ழில்பேரின் வாய்

ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லிவிட்டாள். அது உறுமுகிறதாம், மைக்கில் விழுமாம். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் புழங்குகிறேன், அது உறுமி நான் கேட்டதில்லை. இவள் உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காது கொடுத்தாள், பிறகு, மதாம், அதைக் கொஞ்சம் நிறுத்தலாமா என்றாள். திரும்பப் போட மறக்காமல் இருப்பதற்காகத் தன் கார் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். ரேடியோக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம், கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஞாபகம் வந்துவிடுமாம். உள்ளே காலையில் சந்தையில் வாங்கிய மத்தி இருக்கிறது. கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அது மெஸ்யூ மோர்வான் கையில்தான் இருக்கிறது என்று ழில்பேரைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கையில். ஒரு கைதான் வேலை செய்கிறது, இடது கை, அதிலும் ஸ்பூன் பிடிக்கிற அளவுக்குத்தான். மீன் என்ன ஆகப் போகிறதோ. சாவியில் மத்தி வாடை ஏறிவிடும், நாளைக்குக் காரில் ஏறும்போது மூக்கைச் சுளிப்பாள், அந்த இந்தியக்காரி வீட்டு வாடை என்று. க்ளோதில் என்று பெயர் சொன்னாள். முப்பது வயது இருக்கலாம். ழில்பேருக்கு முன்னால் குனிந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் டிரம் வாசிப்பைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, நோயாளி காதில் விழக்கூடாது என்பது போல, “நீங்க எவ்வளவு நாளா இவரைப் பார்த்துக்கறீங்க?” என்றாள். “கல்யாணம் ஆன நாள்லேருந்து” என்றேன். கழுத்து வரை சிவந்து போனாள். மன்னிக்கணும் மதாம், மன்னிக்கணும் மதாம். ழில்பேர் சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும், அதுதான் இப்போது சிரிப்பு. நான் போய் அதைத் துடைத்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன்.

பக்கவாதம் வந்தாலும் புத்தியில் ஒன்றும் குறையில்லை, டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், எல்லாம் புரிகிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நாக்கும் உதடும்தான் சொன்னபடி கேட்பதில்லை. வார்த்தை உள்ளே முழுசாக இருக்கிறது, வெளியே வரும்போது கூழாகிவிடுகிறது. முதலில் சிநேகிதர்கள் வந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவன் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள், எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆமாம் ழில்பேர், அந்தக் காலம் மாதிரி வருமா என்றார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். இடது கையால் எழுதப் பார்த்தான், பேனா கோணல்மாணலாக ஓடியது, ஜன்னல் மேல் வீசி எறிந்தான். கடைசியில் அவன் பேச்சு புரிகிற ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். எனக்கு எப்படிப் புரிகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் ஆச்சரியப்பட்டாள். எனக்கு இந்தப் பாஷை வந்ததே அப்படித்தான். நெல்லித்தோப்பிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தபோது எனக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியும், போர்வை, டீ, சாவி, நன்றி. மற்றதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கற்றேன். இப்போது வாய் போய்விட்டது, முகம் இருக்கிறது. அதனால் இன்றைக்கு நான்தான் அவன் வாய். க்ளோதில் அப்படித்தான் சொன்னாள், அவர் சொல்வதை நீங்கள் சொல்லுங்கள் மதாம், உங்கள் குரல்தான் ஒலிபரப்பில் வரும், பின்னால் அவர் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு இன்னொன்றும் சொன்னாள், இது ஒருநாள் போட்டு முடிந்துவிடுகிற நிகழ்ச்சி இல்லை, இதைப் பாதுகாத்து வைப்போம், ஐம்பது வருஷம் கழித்துக்கூட ழில்பேர் மோர்வான் யார் என்று கேட்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று. அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீனுக்காக மட்டும் இல்லை. அவன் இதற்குமுன் எத்தனையோ பேட்டி கொடுத்திருக்கிறான். எல்லாவற்றிலும் நான் ஒரே ஒரு இடத்தில் வருவேன், ஜனங்கள் சிரிக்கிற இடத்தில். இதுதான் கடைசிப் பேட்டி. இதிலும் நான் அப்படித்தான் இருக்கப் போகிறேனா? ஐம்பது வருஷம் கழித்து யாரோ சிரிப்பார்கள். அவனும் இருக்க மாட்டான், நானும் இருக்க மாட்டேன், சிரிப்பு மட்டும் இருக்கும்.

சின்ன வயதைக் கேட்டாள். அவன் சொன்னான், நான் சொன்னேன். வடக்கே கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர், அப்பா ரயில் பெட்டி கழுவுகிறவர், ஊர்ச் சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் இவன் ஒரு முரசு அடித்தான், முரசு இவனைவிடப் பெரியது. ஊரில் யாராவது செத்தால் முரசின் மேல் கறுப்புத் துணி போர்த்தி அடிக்க வேண்டும், சத்தம் எழும்பக் கூடாது, பொத்தினாற்போல் வர வேண்டும். நான் கேட்ட முதல் நல்ல சத்தம் அந்தத் துணிக்கு அடியிலிருந்து வந்ததுதான் என்றான். அழகாகச் சொன்னான், அழகாகத்தான் நானும் சொன்னேன், க்ளோதில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கு எங்கள் தெருச் சாவு ஞாபகம் வந்தது, அங்கே யார் துணி போர்த்தி அடித்தார்கள், தெருமுனையில் அடித்தால் வயிற்றுக்குள் இறங்கும். இவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கேட்டதும் ஞாபகம் வந்தது. “வெள்ளைக்காரன்னு சொன்னே, சரின்னேன். மோளம் அடிக்கிறவன்னு சொல்லலியேடி. கடலத் தாண்டி ஆள் புடிச்சும் ஒனக்கு மோளக்காரந்தான் கெடச்சானா?” அப்பாவுக்குச் சாதிதான் பெரிசு, மாதா கோயிலில் முன் வரிசைதான் பெரிசு. ஏழாம் வகுப்பில் என் படிப்பை நிறுத்தி தம்பிகளுக்குச் சோறு வடிக்க வைத்தபோது அவருக்கு எந்த மானமும் போகவில்லை. கடற்கரைப் பக்கம் விருந்தினர் விடுதியில் நான் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை பார்த்தேன். பதினாலு ஜூலை பிரெஞ்சுத் தேசியத் திருநாளுக்கு வாசிக்க வந்த கோஷ்டி அங்கேதான் தங்கியது. எல்லாரும் தூங்குகிற மத்தியானத்தில் இவன் மட்டும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தலையணை மேல் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தான். தலையணை கிழிந்துவிடும் என்று நான் பிடுங்கினேன். சிரித்தான். அப்போது வாய் இரண்டு பக்கமும் போகும். அந்தத் தலையணையைப் பிடுங்காமல் போயிருந்தால். எத்தனை தடவை இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும் பிடுங்கிவிடுகிறேன்.

பாரிசுக்கு வந்த கதையைக் கேட்டாள், நிலவறை ஜாஸ் கிளப்புகள், அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய வாத்தியக்காரர்கள். “அந்த டிரம்பெட் கலைஞரோட நீங்க வாசிச்ச ராத்திரியப் பத்திச் சொல்லுங்களேன். அவர் நடுவுல திரும்பி உங்களைக் காட்டி ஜனங்களைக் கைதட்டச் சொன்னாராமே.” அந்தக் கதை எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டாவது கிளாஸ் வைனுக்கு அது வந்துவிடும், ஊதிக்கொண்டிருந்த டிரம்பெட்டைக் கீழே இறக்கினான், திரும்பினான், கையை இப்படித் தூக்கினான், இந்தப் பையனைப் பாருங்கள் என்கிறது போல.  ழில்பேர் சொன்னான். நான் ஒருமுறைக்கு இருமுறை அவன் முகத்தைப் பார்த்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. இல்லை. அவன் சொன்னது இதுதான்: கை தூக்கியது நிஜம். நிறுத்து என்று தூக்கினான். நான் நிறுத்தினேன். அந்தப் பாட்டைத் தாளமே இல்லாமல் முடித்தார்கள். ஜனங்கள் முன்னைவிட அதிகமாகக் கைதட்டினார்கள், நான் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், சொல்லு என்று. க்ளோதிலும் பார்த்தாள். மைக்கும் பார்த்தது, சாம்பல் நிறப் பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு. நான் வாயைத் திறந்தேன். “திரும்பி என்னைக் காட்டி ஜனங்களைக் கைதட்டச் சொன்னார், அந்த ராத்திரியை மறக்கவே முடியாதுங்கறார்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டம் போட்டுச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் பழைய கதைக்குள் போய் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் வேறு மாதிரி இருந்தது. கண் அகலமாகிவிட்டது. ஆத்திரம் இல்லை, பயம். ழில்பேர் என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததே இல்லை. இடது கையால் சக்கர நாற்காலியின் கையைத் தட்டினான். க்ளோதில் பூரித்துப் போய், “பாருங்க, நினைச்சாலே தாளம் போடறார்!” என்றாள்.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னதைத்தானே சொன்னேன், இத்தனை வருஷமாக அவன் தன் வாயால், நல்ல வாயால் சொன்னதை. வாய் நன்றாக இருந்தபோது பொய், வாய் கோணிய பிறகு உண்மையா? அப்போது சொல்லியிருந்தால் யார் தடுத்தார்கள்? இனி ஏறப்போகிற மேடை ஒன்றும் இல்லை, காட்டிக்கொள்ள ஆளும் இல்லை, அதனால் நல்லவனாகிவிடலாம் என்று பார்க்கிறான், அதையும் என் நாக்கை எடுத்து என் மூச்சைச் செலவு பண்ணிச் செய்யப் பார்க்கிறான். அடுத்து லூசியனைப் பற்றிக் கேட்டாள். லூசியன் பெரிய பிடில் மாதிரி நின்றுகொண்டு வாசிக்கிற அந்த பாஸ் வாத்தியம் வாசித்தவர், இவனுக்கு இளம் வயது முதல் கூட்டாளி. இந்த வீட்டுக்கு வந்தவர்களில் என் சமையலைக் கையால் பிசைந்து சாப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான், ரெஜினா ரெஜினா என்று கடைசி எழுத்துவரை என் பெயரைச் சொன்னவரும் அவர்தான், மற்றவர்களுக்கெல்லாம் நான் ரெஜின். மஞ்சள் அட்டை ரெக்கார்டு, அதுதான் ழில்பேருக்குப் பரிசும் ஜப்பான் பயணமும் வாங்கிக் கொடுத்தது, அதில் லூசியன் இல்லை. “அவர் உடம்பு முடியாம தானா ஒதுங்கிட்டார்னு படிச்சிருக்கேன்” என்றாள் க்ளோதில். ழில்பேர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சொன்னான்: அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது, யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் கேட்டது. நான்தான் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களிடம் போய் அவரை எடுத்துவிடச் சொன்னேன். அவரிடம் அவர்கள் முடிவு என்று சொன்னேன். அவர் என் தோளில் தலை வைத்து அழுதார். இதையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.  அவரை எடுத்துவிட்ட சமயத்தில் லூசியன் இங்கே வந்து இதே மேஜையில் உட்கார்ந்து, “ழில்பேர் இல்லேன்னா நான் என்னம்மா ஆயிருப்பேன்” என்று சொன்னதும், நான் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியதும், இவன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. “ஆமாம், தானாகத்தான் ஒதுங்கினார், பாவம், எங்களுக்கெல்லாம் ரொம்ப வருத்தம்ங்கறார்” என்றேன். என் குரல் நன்றாக இருந்தது, நடுங்கவில்லை. ழில்பேர் கத்தினான். க்ளோதில் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். “லூசியனை நினைச்சா இப்படித்தான் ஆயிடுவார்” என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது இவன் பேச்சு புரிந்துவிட்டால்? அந்தப் பயிற்சிக்காரி ரேடியோ கேட்பாளோ? கேட்டால் கேட்கட்டும். பின்னால் லேசாகத்தானே வரும். பொத்தினாற்போல்.

குழந்தை உண்டா என்று கேட்டாள், இல்லை என்று நானே சொல்லிவிட்டேன், அவனைக் கேட்கவில்லை. அவன் வேண்டாம் என்றான், குழந்தை அழுகைக்கு ஒரு நடை கிடையாது, எப்போது தொடங்கும் எப்போது நிற்கும் என்று தெரியாது, அது என் காதைக் கெடுத்துவிடும் என்றான். என் காலடியே அவன் காதைக் கெடுத்தது. நீ காலை இழுக்கிறாய் என்பான். நான் வெங்காயம் நறுக்கினால் வாசலில் வந்து நிற்பான், குடித்தவன் மாடிப்படி இறங்குகிற மாதிரி நறுக்குகிறாய் என்பான், பின்னால் நின்று என் தோளில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருப்பான், அந்தத் தட்டலுக்குச் சரியாகக் கத்தி விழும்வரை போக மாட்டான். அவன் வெளியூர் போனால்தான் நான் இஷ்டத்துக்கு நறுக்குவேன். ஒருநாள் அவன் ஜப்பானில் இருந்தபோது நறுக்கிக்கொண்டே கவனித்தேன், கத்தி அவன் தட்டின மாதிரியே போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வெங்காயம் போடாமலே சமைத்தேன். இதையெல்லாம் யார் கேட்பார்கள். க்ளோதில் தன் காகிதத்தைப் புரட்டினாள், எனக்குத் தெரியும் அடுத்து எது வரும் என்று, அவள் உதட்டில் சிரிப்பு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. “மதாம், இதை நீங்களே சொன்னா இன்னும் நல்லா இருக்கும். அந்தப் புளிக் கதை.” நான் வாயைத் திறப்பதற்குள் மேலே போனாள். “அவர் மேடையில சொன்ன பழைய பதிவு எங்ககிட்ட இருக்கு, ஜனங்க சிரிக்கறதெல்லாம் அதுலயே அருமையா இருக்கு. இன்னிக்கு அவர் ஏதாவது சேர்த்துச் சொன்னா அதைப் போடறேன். இல்லேன்னா பழசையே போட்டுடறேன்.” பதிவு இருக்கிறது. அவன் நல்ல குரலில். என்னைப் போல் ஒருத்தி நடுவில் நிற்காமல்.

வந்த முதல் குளிர்காலம். அவன் ஊரில் இல்லை. வீட்டை மேலிருந்து கீழ்வரை கழுவினேன், வேறு என்ன தெரியும் எனக்கு. அவன் டிரம் செட்டின் மேல் ஒரு பெரிய வெண்கலத் தட்டு, சிம்பல், நம் ஊர் ஜால்ராவைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஒன்றை மட்டும் தொங்கவிட்டாற்போல். கன்னங்கரேலென்று இருந்தது, விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, சிகரெட் புகை. அதைப் பார்த்தால் எனக்கு மானம் போயிற்று, பெண்டாட்டி வந்த வீட்டில் பாத்திரம் இப்படியா. தங்கச்சி என் பெட்டியில் புளி வைத்து அனுப்பியிருந்தாள். ஊறவைத்து, உப்புச் சேர்த்து, குளிக்கிற தொட்டியில் மண்டியிட்டு உட்கார்ந்து தேய்த்தேன், அம்மா இருந்தவரை பெரிய வெள்ளிக்கு முதல் நாள் குத்துவிளக்குத் தேய்ப்போமே அதேபோல. பொன்னாக வந்தது. திரும்ப மாட்டிவைத்து, அவன் வருகிற அன்றைக்கு விளக்கையெல்லாம் போட்டுவைத்தேன், பளபளப்புத் தெரியட்டும் என்று. வந்தான், பார்த்தான், கத்தவில்லை. குச்சியை எடுத்து ஒரே ஒரு அடி அடித்து, அந்தச் சத்தம் முழுக்கச் சாகும்வரை நின்று கேட்டான். நாற்பது வருஷத்து அழுக்கில்தான் அதன் குரல் இருந்ததாம், எந்த டிரம்காரனும் தன் தட்டைக் கழுவ மாட்டானாம், துருக்கியில் எவனோ கையால் அடித்துச் செய்தது, கழுவாமல் கை மாறிக் கை மாறி வந்ததாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவன் அதைக் கழற்றி எடுத்துப்போய் என் தலையணை மேல் வைத்தான். இதோடு படுத்துக்கொள் என்றான். விளையாட்டு என்று நினைத்தேன். குளிர்காலம் முடிகிறவரை அவன் வேறு அறையில் படுத்தான், நான் அந்த வெண்கலத்தின் பக்கத்தில் படுத்தேன், எடுத்து வைத்தால் திரும்பக் கொண்டுவந்து வைப்பான், புரண்டு படுத்தால் கன்னத்தில் சில்லென்று படும். பிறகு ஒருநாள் அது காணாமல் போனது, ஆற்றில் எறிந்துவிட்டேன் என்றான். அதற்குப் பிறகுதான் மேடைக் கதை ஆரம்பித்தது. என் பெண்டாட்டி இந்தியாவிலிருந்து வந்தாள், என் தட்டைப் பார்த்தாள், ஐயோ பாவம் வெள்ளைக்காரனுக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியவில்லை என்று நினைத்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். இந்த இடத்தில் நிறுத்துவான். எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அதுதானே அவன் தொழில். அன்றைக்கு ராத்திரி அதில்தான் சோறு போட்டாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எழுந்து நில் ரெஜின் என்பான். முதல் தடவை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். கும்பிடுகூடப் போட்டேன்.

“ஏதாவது சேர்க்கறாரா?” என்றாள் க்ளோதில். நான் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தான். மெதுவாகப் பேசினான், ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டால் பிடித்துத் தள்ளினான், எனக்குப் புரிவதற்காக இல்லை, எனக்கு எப்படியும் புரியும், அவளுக்குப் புரிய வேண்டும் என்று. அந்தத் தட்டை நான் ஆற்றில் எறியவில்லை. ஸ்டுடியோவில் வைத்திருந்தேன். மஞ்சள் ரெக்கார்டில் அடித்தது அதைத்தான். அந்தத் தட்டில்தான் முழுக்க அடித்தேன். இந்த வெளிச்சமான சத்தம் எங்கிருந்து வந்தது என்று உலகமே கேட்டது, நான் கண்டுபிடித்தேன் என்றேன். அவள் தேய்த்த தட்டு. ரெஜினா தேய்த்தது. ரெஜினா என்றான், கடைசி எழுத்துவரை. எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. நான் துடைக்கவில்லை. மஞ்சள் ரெக்கார்டை நான் சமையல்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். மூன்றாவது பாட்டில் ஒரு சத்தம் வரும், வெயில் நேரத்தில் கிணற்றுக்குள் சொம்பு இறங்கி இடித்தாற்போல், எனக்கு அது பிடிக்கும், எனக்கெல்லாம் என்ன தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை. க்ளோதில் என்னைப் பார்த்தாள். “என்ன சொல்றார்?” ரெஜினா என்றது அவளுக்குக்கூடக் கேட்டிருக்கும். சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இவர் சொல்கிறார், இவரைப் பெரிய ஆளாக்கிய சத்தம் என் கையால் வந்ததாம், இத்தனை வருஷம் மறைத்தாராம். யார் சொல்கிறது? நான் சொல்கிறேன். என் குரலில், என் உச்சரிப்பில், பாத்திரம் தேய்த்தவளே வந்து, நான் தேய்த்ததால்தான் இவர் பெரிய ஆளானார் என்கிறேன். இந்தப் பெண் தலையாட்டுவாள், ழில்பேரின் சிநேகிதர்கள் தலையாட்டினார்களே அப்படி, ஆமாம் மதாம், ஆமாம் மதாம். போகும்போது காரில் சிரிப்பாள். அவன் நல்ல வாயால் சொன்ன பொய்யை உலகமே நம்பியது, இந்த உண்மையை நான் ஒருத்தி மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறான், அதுவும் என் வாய் வழியாக, அதுவும் நான் இரண்டு பொய் சொல்லி முடித்த பிறகு. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால்? டிரம்பெட்காரனுக்கு முன்னால்? அப்போது நானும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை. எனக்கு என்னைத் தெரியும். இப்போது அவன் முகத்தைப் பார்த்தேன், லேசாகியிருந்தது, பெரிய மூட்டையை இறக்கிவைத்த கூலிக்காரன் முகம். சொல்லி முடித்துவிட்டான். இன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்குவான். நான் வெண்கலத்தோடு படுத்த ராத்திரிகளையெல்லாம் இரண்டு வாக்கியத்தில் இறக்கிவைத்துவிட்டு, வழிகிற எச்சிலோடு, நன்றாகத் தூங்குவான். எனக்கு அது தாங்கவில்லை. “மூத்திரம் வருதாம்” என்றேன்.

“ஓ” என்றாள் க்ளோதில், உடனே பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். “கண்டிப்பா, கண்டிப்பா. எனக்கும் போதுமானது கிடைச்சிருச்சு மதாம், புளிக் கதைக்குப் பழசையே போட்டுக்கறேன், அது எப்பவுமே ஜெயிக்கும்.” நான் நாற்காலியைத் தள்ளினேன்.  கத்துவான் என்று நினைத்தேன், நாற்காலிக் கையைத் தட்டுவான் என்று நினைத்தேன், ஒன்றும் செய்யவில்லை, தலை மட்டும் நடைவழியின் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது. கக்கூஸ் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, காற்சட்டையை இறக்கி, உட்காரவைத்தேன். வரவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கனமாக இருந்தான், எப்போதும்போல, தொடை குளிர்ந்து வெளுத்திருந்தது. கதவில் சாய்ந்து நின்றேன், எனக்கு மூச்சு வாங்கியது. இங்கே மைக் இல்லை. இங்கே யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நேரே என் காதில் விழும், எனக்கு அது போதும், ரேடியோவும் வேண்டாம் ஐம்பது வருஷமும் வேண்டாம். “இப்போ சொல்லு” என்றேன். அவன் தரையைப் பார்த்தான். “அந்தத் தட்டைப் பத்திச் சொன்னியே, திரும்பச் சொல்லு. எனக்குச் சொல்லு.” அவன் நிமிர்ந்தான். என்னையே பார்த்தான், மேடையில் அந்தக் கதையின் நடுவில் நிறுத்துவானே, அவ்வளவு நேரம். “சொல்லுடா” என்றேன் தமிழில், இதுவரை அவனை நான் அப்படி அழைத்ததில்லை. அசைகிற பாதி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அசையாத பாதி தொங்கியது. வெளியே க்ளோதில் ஒயரைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது, அவள் காதுக்கு இங்கே நடப்பதெல்லாம் கேட்கும், ஃப்ரிட்ஜ் உறுமுவதே கேட்ட காது. நான் அவன் முகத்துக்குக் கிட்டே குனிந்தேன். அப்போது அவன் இடது கையைத் தூக்கினான், என்னை அடிக்கப் போகிறான் என்று பின்வாங்கினேன், அது என்னைத் தாண்டிப் போனது, சுவரில் இருந்த பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே அடியாக அழுத்தியது. தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு அவனுக்கு அடியில் இறங்கியது. அது முழுக்க அடங்குகிறவரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“ஆச்சா மதாம்?” என்றாள் வெளியே இருந்து, உதவி செய்ய ஆசைப்படுகிற குரலில்.

“ஆச்சு” என்றேன்.